நிறவெறியின் வேர்களும் நமது கடமையும்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நிர்வாகிகள் பணித்தபோது, எப்பொருளைப் பற்றி எழுதுவது என்று சில நாட்கள் எண்ணிக் கொண்டிருந்தோம். அவ்வேளையில் நாம் பணியாற்றும் பள்ளியில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று பொருளைத் தந்தது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு நாட்களாக வரவில்லை. ஆளனுப்பி விசாரித்தோம். உடன் படிக்கும் பிள்ளைகள் அவனுடைய நிறத்தைக் குறித்து 'ஆப்பிரிக்கா' என்று பட்டப்பெயர் சூட்டி அழைப்பதாகவும், அதனால் பள்ளிக்கு வர மறுப்பதாகவும் அவனுடைய தாயார் கண்ணீரோடு கூறினார். அழைக்கப்பட்டவன் நம் காலனிப் பிள்ளை. அழைத்த நால்வரும் நம் காலனிப் பிள்ளைகளே.

அந்நால்வரையும் அழைத்து, "ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். ஒருவனுக்கும் தெரியவில்லை. ஒரு கண்டம் இருக்கும் திசை அறியாத பிள்ளைகளுக்கு, அக்கண்டத்து மக்களை இகழ மட்டும் யார் கற்றுக் கொடுத்தார்கள்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இகழ்ச்சி இயற்கையன்று

கறுப்பு நிறத்தைக் கண்டால் வெறுப்புத் தோன்றுவது மனித இயல்பு என்று கூறுவோர் உளர். வரலாறு அதை ஏற்கவில்லை. சங்கத் தமிழர் முல்லை நிலத் தெய்வத்தை மாயோன், அதாவது கரியவன் என்றே அழைத்தனர். பெண்ணின் 'மாமை' நிறத்தை அழகென்று போற்றினர். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணம் வந்து சேர்ந்த மாலிக் அம்பர் என்னும் கறுப்பர் அகமதுநகர் அரசையே தாங்கி நின்று, மொகலாயப் படைகளை எதிர்த்து, 1626ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய நிறம் அவருடைய ஆட்சிக்குத் தடையாக நிற்கவில்லை.

அறிவியலும் இதையே கூறுகிறது. தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமியின் அளவே நிறத்தை வேறுபடுத்துகிறது. கடும் வெயிலினின்று உடலைக் காக்க இயற்கை அளித்த கவசம் அது. மனிதர் எவராயினும் மரபணுக்களில் ஏறக்குறைய 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கின்றனர். அங்ஙனமாயின் வெறுப்பு எங்கிருந்து வந்தது?

உழைப்பைப் பறித்தவர் கட்டிய கதை

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். உயிரோடு கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர். எஞ்சியோர் கடலுக்கே இரையாயினர். கரும்பும் புகையிலையும் பருத்தியும் விளைவிக்கக் கூலியில்லா உழைப்பு வேண்டியிருந்தது. அதற்காகவே இக்கொடுமை.

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கறுப்பர்களை வெறுத்ததனால் அவர்களை அடிமையாக்கவில்லை. அடிமையாக்கியதை நியாயப்படுத்தவே வெறுப்பை வளர்த்தார்கள். வர்ஜீனியா மாநிலத்தின் சட்ட வரலாறு இதற்குச் சான்று. 1619ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கர் அங்கே கொணரப்பட்டனர். 1662ஆம் ஆண்டுச் சட்டம், தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்று விதித்தது. பிறப்பினாலேயே ஒருவனுடைய நிலை முடிவாகும் என்னும் இவ்விதி நமக்குப் புதிதன்று. 1676ஆம் ஆண்டில் நதானியேல் பேக்கன் என்பவர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில், ஏழை வெள்ளையரும் கறுப்பு அடிமைகளும் ஒருங்கு சேர்ந்து போரிட்டனர். ஜேம்ஸ்டவுன் நகரம் எரிந்தது. ஏழைகள் ஒன்றுபட்டால் என்ன நேரும் என்பதை நிலவுடைமையாளர் கண்டு அஞ்சினர். 1705ஆம் ஆண்டின் அடிமைச் சட்டத் தொகுப்பு, வெள்ளைப் பணியாளருக்குச் சில பாதுகாப்புகளை அளித்துக் கறுப்பரை அடியோடு ஒதுக்கியது. 'உனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான்' என்னும் எண்ணமே ஏழை வெள்ளையனுக்குக் கிடைத்த கூலியாயிற்று. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியதை இதனோடு ஒப்பு நோக்குக.

இக்கதைக்குப் பின்னர் அறிவியலின் பெயரால் முத்திரை குத்தினர். 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் மனிதரை நிறவாரியாக வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் ஏற்றி உரைத்தார். அவ்வழியில் வந்தோர் மண்டையோடுகளை அளந்தனர். அந்த அளவுகோல் நம் நாட்டுக்கும் வந்தது. ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனும் நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' என்னும் நூலில் அதே அளவைகளை எடுத்துக்காட்டி, பிராமணரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் அல்லர் என்று நிறுவினார். 1950ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும், இனம் என்பது உயிரியல் உண்மை என்பதை விடச் சமூகம் புனைந்த கற்பனையே என்று அறிவித்தது.

நம் கடற்கரையிலிருந்து சென்ற கப்பல்கள்

இவையெல்லாம் எங்கோ தொலைவில் நடந்தவை என்று நம் இளைஞர் எண்ணலாகாது. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் புதுச்சேரியை அடைகிறோம். 18ஆம் நூற்றாண்டில் அத்துறைமுகத்திலிருந்து நம் நாட்டு ஏழைகள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்ற செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார். மொரீசியஸ், ரியூனியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமையும் தமிழ் அடிமையும் ஒரே எசமானனின் சவுக்கின் கீழ் உழைத்தனர்.

ஊரிலே இருந்தோர் நிலையும் வேறன்று. 1819ஆம் ஆண்டில் சென்னை வருவாய் வாரியம் விசாரித்தபோது, தமிழ் மாவட்டங்களில் உழவடிமை முறை நிலவியது வெளிப்பட்டது. அவ்வடிமைகளில் மிகப் பெரும்பாலோர் நம் முன்னோரே. பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. 1843ஆம் ஆண்டில்தான் இங்கே தனிச் சட்டம் வந்தது. அதன் பின்னும் படியாள், பண்ணையாள் என்னும் பெயர்களில் அக்கட்டு நீடித்தது.

1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இழப்பீடாக வழங்கப்பட்ட தொகை 2 கோடி பவுன். அதைப் பெற்றோர் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. விடுதலை பெற்றோர் தோட்டங்களை விட்டு அகன்றபோது, அவர்களுடைய இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் கொண்டுசெல்லப்பட்டனர். 1834 முதல் மொரீசியசுக்குச் சென்றனர். நேட்டாலிலோ, சூலு மக்கள் தம் நிலத்தையும் மாட்டையும் விட்டு அற்பக் கூலிக்குக் கரும்புத் தோட்டத்திற்கு வர மறுத்தனர். எனவே அங்கும் நம்மவரையே அழைத்தனர். 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911ஆம் ஆண்டுவரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களின் மக்கள் அவர்களிடையே பெருந்தொகையினர். முதலாண்டில் அவர்கள் பெற்ற மாதக் கூலி 10 ஷில்லிங்.

இகழப்பட்டவர் இகழ்ந்த கதை

ஒரே மண்ணில் ஒடுக்கப்பட்ட இரு மக்கள் ஒன்றுபட்டிருக்க வேண்டுமன்றோ? உடனே அவ்வாறு நிகழவில்லை. தர்பன் தபால் நிலையத்தில் வெள்ளையருக்கு ஒரு வாயிலும், ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் சேர்த்து மற்றொரு வாயிலும் இருந்தன. இளம் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் இதை எதிர்த்தது. ஆனால் எல்லார்க்கும் ஒரே வாயில் வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆப்பிரிக்கரோடு சேராத தனி வாயிலை இந்தியருக்குப் பெற்று, 1895ஆம் ஆண்டில் அதனைத் தன் சாதனையாகக் குறித்தது. பிற்காலத்தில் காந்தியடிகளின் கருத்து மாறியது உண்மை. எனினும், இழிவுபடுத்தப்பட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடும் இயல்பை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

திண்டிவனத்திற்கு வடக்கே மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கா சென்று, பல்லாண்டுகள் அங்கே பணியாற்றித் திரும்பியவர். பின்னர் 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமைகளைக் கேட்டார். நம் விடுதலை வரலாற்றின் ஒரு பகுதி ஆப்பிரிக்க மண்ணோடு தொடர்புடையது என்பதை மறத்தலாகாது.

1947 மார்ச் 9ஆம் நாள், தமிழ் மரபினரான டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் டாக்டர் சூமா ஆகிய மூவரும் கூட்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். இரண்டே ஆண்டுகளில், 1949 ஜனவரியில், தர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்குமிடையே கலவரம் மூண்டு 142 பேர் மாண்டனர். மாண்டவர்களில் வெள்ளையர் ஒருவரே. எனினும் ஒற்றுமையை நாடியோர் தளரவில்லை. நிறவெறி ஆட்சியை எதிர்த்து இரு மக்களும் தோளோடு தோள் நின்று சிறை புகுந்தனர். 1994ஆம் ஆண்டில் அவ்வாட்சி வீழ்ந்தது.

சட்டம் மாறியும் மாறாத மனம்

அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பிரித்து வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. ஊரென்றும் சேரியென்றும் பிரிக்கப்பட்டு, தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்ட நமக்கு அத்தீர்ப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டில் பள்ளிகளைப் பொறுத்தவரை அக்கொள்கை தள்ளப்பட்டது. 1964ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஆனால் 2020 மே 25ஆம் நாள், மினியாபொலிஸ் நகர வீதியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பர், காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் மூச்சுத் திணறி மாண்டார்.

நம் நாட்டு வரலாறும் இவ்வாறே செல்கிறது. 1950ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டில் அதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. ஆயினும் நாம் சிறுவராயிருந்த 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் பெரியவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, பேச்சையும் தாழ்த்திக் கொண்டு, விழித்திருந்த இரவுகள் இன்னும் நம் நினைவில் நிற்கின்றன. சட்டம் கையைத் தடுக்கலாம். மனத்தைத் திருத்தக் கல்வியே வேண்டும்.

நிறவெறிக்கு எதிராக 1946ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்த முதல் நாடு இந்தியா. அதே இந்தியாவில், 2016ஆம் ஆண்டில் பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். 2017ஆம் ஆண்டில் தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டனர். படிக்க வந்த பிள்ளைகள் அவர்கள்.

நமது கடமை

அன்பார்ந்த இளைஞர்களே! நம்மையும் நாம் சோதித்துக் கொள்வோம். பெண் பார்க்கச் செல்லும்போது 'பெண் கொஞ்சம் கறுப்பு' என்று திரும்பி வருவோர் நம்மிடையே இல்லையா? பிறந்த குழந்தையின் நிறத்தைக் கண்டு முகம் வாடுவோர் இல்லையா? ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் வீட்டுப் பிள்ளையை நாம் எங்ஙனம் அழைக்கிறோம்? அருந்ததியர் வீட்டில் கைந்நனைக்கத் தயங்குகிறோமா? இவற்றுக்கு நேர்மையாக விடை கூறாதவரை, பிறர் நம்மை இகழ்வதைக் கண்டிக்கும் உரிமை நமக்கு முழுமையாக வாய்க்காது. தர்பன் தபால் நிலையத்தின் தனி வாயிலையே நாமும் கேட்டவர்களாவோம்.

நம் முன்னோடிகள் காட்டிய வழி வேறு. மகாத்மா ஜோதிராவ் புலே 1873ஆம் ஆண்டில் 'அடிமைத்தனம்' என்னும் நூலை வெளியிட்டபோது, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகத் தியாகம் புரிந்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் பயின்ற அம்பேத்கர், 1946ஆம் ஆண்டில் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவைக் குறித்து வினவினார். டுபாய்சும் தீண்டப்படாத மக்கள்பால் தம் பரிவைத் தெரிவித்து மறுமொழி எழுதினார். கடல் கடந்து இரு பேரறிஞர் கைகோத்த உறவை, நம் பிள்ளைகள் ஒரு பட்டப்பெயரால் அறுத்துவிடலாகாது.

அந்நால்வருக்கும் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. உலகப் படத்தை விரித்து, ஆப்பிரிக்காவையும் நேட்டாலையும் காட்டி, சென்னையிலிருந்து சென்ற கப்பலின் கதையைக் கூறினோம். பட்டப்பெயர் வைத்தவனே, "அப்படியென்றால் அவர்களும் நாமும் ஒன்றுதானா, ஐயா?" என்று கேட்டான். ஒன்றுதான் என்றோம். மறுநாள் அவர்கள் நால்வரும் சென்று அம்மாணவனை வீட்டிலிருந்து அழைத்து வந்தனர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஏற்றிய கல்வி விளக்கு இத்தகைய மாற்றத்திற்கே பயன்பட வேண்டும். தேர்வில் வெற்றி பெறுவதோடு, எவரையும் தாழ்வாகக் கருதாத மனத்தையும் பெறுவோமாக. ஆப்பிரிக்கா என்னும் சொல் நம் தெருக்களில் இனி ஒரு கண்டத்தின் பெயராக மட்டுமே ஒலிக்கட்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!