நீரில் நனைந்த நிழற்படங்கள்

சரித்திரம் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசர்கள் தம் புகழைக் கல்லில் பொறித்தார்கள். கல் மழையைத் தாங்கி நின்றது. சாதாரணக் குடும்பங்களின் சரித்திரமோ, சென்ற நூற்றாண்டில், காகிதத்தின்மேல் படிந்த ஒரு மெல்லிய படலத்தில் தங்கியது. அப்படலத்தின் பெயர் ஜெலாட்டின்.

விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. வெள்ளி உப்பை அதில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசும் முறையை 1871ஆம் ஆண்டில் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் வெளியிட்டார். நீர் பட்டால் ஜெலாட்டின் உப்பி மருந்துகளை உள்ளே விடும். உலர்ந்தால் சுருங்கி உருவத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே நிழற்படம் நீரிலேதான் பிறந்தது. சேற்று நீரில் விழுந்தால் மட்டும் கதை வேறு. அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு ஜெலாட்டின் நல்ல உணவு. அவை அதைத் தின்னத் தின்ன, முகங்கள் வண்ணக் கறையாய்க் கரைகின்றன.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி தாக்கியது. காணாமற் போனவர்களைத் தேடிய படைவீரர்களும் தீயணைப்போரும், இடிபாடுகளிடையே கிடந்த ஆல்பங்களையும் பொறுக்கியெடுத்துச் சேர்த்தார்கள். மியாகி மாநிலத்து யமமோட்டோ என்னும் சிற்றூரில் மட்டும் ஏறத்தாழ ஏழரை லட்சம் படங்கள் குவிந்தன. தொண்டர்கள் அவற்றைக் கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு, காமிராவினால் பிரதி எடுத்தார்கள்.

கூரையே போனவர்களுக்குப் படம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் வீட்டை மீண்டும் கட்டலாம். மாண்ட மகனின் முகத்தை மீண்டும் படம் எடுக்க இயலுமா? அதனால்தான் மக்கள் அந்தப் படங்களைத் தேடி வந்தார்கள்.

இத்தகைய நிலை நமக்கு நேராது என்று எண்ண வேண்டா. 2015 டிசம்பரில் சென்னையிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது செய்யவேண்டியவை எளியவை. ஒட்டிக்கொண்ட படங்களை உலர்ந்த நிலையில் பிரிக்கலாகாது; படலம் கிழிந்துவிடும். குளிர்ந்த தூய நீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தாமே விலகும். படத்தின் முகத்தைத் தேய்க்காமல், நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். பின்னர் முகம் மேலாக, வெயில் படாத நிழலில், உறிஞ்சும் தாளின்மேல் பரப்ப வேண்டும். இரண்டு நாளில் பூஞ்சை தோன்றிவிடும். அதற்குள் முடியாதெனில், படங்களுக்கிடையே மெழுகுத்தாள் வைத்து உறைபெட்டியில் இட்டால் காலத்தைச் சற்று நிறுத்திவைக்கலாம். மைதெளித்து அச்சிடும் இக்காலப் படங்கள் சிலவற்றில் நீர் பட்டால் சாயமே பரவும். அவற்றை அலசாமல் உலர்த்துவதே நலம்.

ஜெலாட்டின் கரைந்துபோன படத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது. யமமோட்டோவில் அவ்வாறு முகம் அழிந்த படங்களையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டில் கண்காட்சியாக வைத்தார்கள். யாரோ ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு அந்தக் கறையும் சாட்சியன்றோ?

மாணவ நண்பர்களே, வெள்ளம் வரும்வரை காத்திராதீர்கள். இன்று மாலையே பாட்டியாரின் அருகில் அமர்ந்து, பழைய படங்களில் இருப்பவர் யார் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஒரு பிரதியும் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். படம் பிழைத்தும் பெயர் மறந்துபோனால், அதுவும் ஒரு வெள்ளமே.