மதில் வீழுமுன் பிறந்த பாடல்

பெர்லின் மதில் 1989 நவம்பர் 9 அன்று திறந்ததை நினைவுகூரும் வேளைகளில் அடிக்கடி ஒலிக்கும் பாடல் ஒன்றுண்டு. 'மாற்றத்தின் காற்று' எனப் பொருள்படும் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' என்பது அதன் பெயர். ஜெர்மனியின் 'ஸ்கார்ப்பியன்ஸ்' குழுவினர் ஆங்கிலத்தில் பாடியது. மதில் வீழ்ந்த களிப்பில் எழுந்த பாட்டு என்றே பலரும் இதனைக் கருதிவருகின்றனர். ஆனால், காலக்கணக்கு வேறு கூறுகிறது.

1965இல் ஹனோவர் நகரில் ருடால்ஃப் ஷெங்கர் தொடங்கிய இக்குழு, மின்கிட்டாரின் முழக்கத்தை முதன்மையாகக் கொண்ட ஹார்ட் ராக் இசைக்குப் பெயர்பெற்றது. 1988இல் சோவியத் நாட்டின் லெனின்கிராடில் பாடிய இவர்கள், மறு ஆண்டு ஆகஸ்டு 12, 13 ஆகிய நாட்களில் மாஸ்கோ லெனின் விளையாட்டரங்கில் நடந்த அமைதி இசைவிழாவில் அமெரிக்கக் குழுக்களோடு பங்கேற்றனர். காவலுக்கு நின்ற படைவீரர்களே மேடையை நோக்கித் திரும்பி இசையில் திளைத்ததைப் பாடகர் கிளவுஸ் மைனெ பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். மாஸ்கோ ஆற்றில் படகேறிக் கார்க்கி பூங்காவுக்குச் சென்ற மாலையும் அவர் நெஞ்சில் தங்கியது. நாடு திரும்பியதும் அவர் பாடலை எழுதினார். மதில் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது. ஆறும், பூங்காவும், ஆகஸ்டு மாத இரவும், பாலலைக்கா என்னும் ருஷ்ய நரம்புக் கருவியும் பாடலில் இடம்பெறுகின்றன. பெர்லின் என்னும் சொல் எங்குமே இல்லை.

மெல்லத் தொடங்கி, முரசும் கிட்டாரும் சேரச் சேர உயர்ந்து பெருகும் இவ்வகைப் பாடலைப் 'பவர் பாலட்' என்பர். இதன் தொடக்கத்தில் வருவது வெறும் சீழ்க்கை. ஹார்ட் ராக் குழுவுக்கு அது பொருந்தாதென இசைத்தட்டு நிறுவனத்தார் எண்ணியபோதும் குழுவினர் அதனை விடவில்லை. இன்று அந்தச் சீழ்க்கையைக் கேட்டதுமே பாடல் அடையாளம் காணப்படுகிறது.

1990இல் வெளிவந்த 'கிரேஸி வேர்ல்ட்' தொகுப்பில் இடம்பெற்ற இப்பாடல், 1991இல் தனி இசைத்தட்டாகி ஜெர்மானியப் பட்டியலில் முதலிடமும் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடமும் பெற்றது. வேய்ன் ஐஷம் இயக்கிய வீடியோ, மேடைக் காட்சிகளுக்கிடையே மதில் எழுப்பப்பட்டதையும் இடிக்கப்பட்டதையும் காட்டியது. சொற்களில் இல்லாத பெர்லின் காட்சிகளின் வழியே பாடலுக்குள் புகுந்தது. மாஸ்கோவில் அரும்பிய நம்பிக்கை, நிறைவேறிவிட்ட ஒரு வெற்றியின் விழாப்பாட்டாக மக்கள் மனத்தில் பதிந்தது. 1991 டிசம்பரில் கோர்பச்சேவ் இக்குழுவினரைக் கிரெம்ளினில் வரவேற்றார். அதே மாதத்தில் சோவியத் ஒன்றியம் மறைந்தது.

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது முழுமையான படையெடுப்பைத் தொடங்கியது. அடுத்த மாதம் லாஸ் வேகாஸ் மேடையில் மைனெ தொடக்க வரிகளை மாற்றிப் பாடினார். மாஸ்கோ ஆறும் கார்க்கி பூங்காவும் நீங்கின. உக்ரைன் அங்கே இடம்பெற்றது. ருஷ்யாவை இனிமையாகச் சித்திரிக்கும் வரிகளை இச்சூழலில் பாடுவது தகாது என்பது அவர் தந்த விளக்கம்.

தன் பாட்டைத் திருத்தும் உரிமை கவிஞனுக்கு உண்டு. குண்டுகள் விழும் காலத்தில் பழைய வரியைப் பாட அவர் நா எழாமற் போனதில் நேர்மையும் இருக்கிறது. எனினும், பாடவேறுபாடுகளைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் காப்பதுபோல, வரலாறு இவ்விரு வடிவங்களையும் காக்க வேண்டும். வீடியோவின் காட்சிகள் மாஸ்கோவை ஏற்கெனவே பாதி மறைத்துவிட்டன. திருத்தம் மீதியையும் மறைத்துவிடலாகாது. பகைநாடுகளாய் வளர்ந்த இரு தரப்பு இளைஞர்கள் ஒரு கோடைக்காலத்தில் ஒருவரையொருவர் நம்பினர் என்பதற்குப் பழைய வரிகள் சான்று. அந்த நம்பிக்கை பொய்த்ததற்குப் புதிய வரிகள் சான்று. முன்னதை அறியாதவருக்குப் பின்னதன் துயரம் விளங்காது.