மாத்திரைக்கு முந்தைய முடிவு: முழுமையடையாத கருச்சிதைவும் செவிலியரின் தகுதியும்

முழுமையடையாத கருச்சிதைவுக்கு மருத்துவரல்லாத பணியாளர் மருந்து கொடுக்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் மருந்தைச் சுற்றியே நடக்கிறது. மிசோபிரோஸ்டால் என்ற அந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே இதற்கான அத்தியாவசிய மருந்தாக ஏற்றுவிட்டது. விழுங்கினால் 600 மைக்ரோகிராம், நாக்கின் அடியில் வைத்தால் 400, ஒரே வேளைதான். எடுத்துக் கொடுப்பது எளிது. இந்தப் பெண்ணுக்கு இதைக் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பதுதான் மருத்துவம்.

உகாண்டாவில் 2013–14இல் நடந்து, 2015இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஆறு மருத்துவ நிலையங்களில் 1010 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவை மருத்துவர்களும் மற்றதை மகப்பேற்றுச் செவிலியர்களும் கவனித்தனர். அறுவை முறைச் சுத்திகரிப்பு தேவைப்படாமலே முழுமையாகக் குணமானவர்கள் செவிலியர் பிரிவில் 95.8 சதவீதம், மருத்துவர் பிரிவில் 96.7 சதவீதம். இந்த இடைவெளி, ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த 4 சதவீத வரம்புக்குள் அடங்கியது. பலர் இந்த எண்களோடு நின்றுவிடுகிறார்கள். மருந்தை மட்டுமல்ல, பரிசோதனையையும் அந்தச் செவிலியர்களிடமே ஒப்படைத்தார்கள் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

அந்தப் பரிசோதனை கையால் செய்வது. நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல் பார்த்தபின் கருப்பை வாய் திறந்திருக்கிறதா என்று காண வேண்டும். இரு விரல்கள் உள்ளேயும் மறு கை அடிவயிற்றிலுமாக அழுத்திக் கருப்பையின் அளவை மதிப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம்; துர்நாற்றத்தோடு கசிவும் காய்ச்சலும் இருந்தால் கிருமித்தொற்று. இந்த அறிகுறிகள் உள்ள பெண்ணுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பிரசவ அறையில் நாள்தோறும் உள்பரிசோதனை செய்யும் கைக்கு இது அந்நியமான வேலையல்ல.

ஆய்வுக் காலத்துக் கண்காணிப்பு அன்றாடத்தில் இருக்காது என்பது நியாயமான மறுப்பு. அது பயிற்சியையும் மேற்பார்வையையும் கேட்பதற்கான காரணமே தவிர, பொறுப்பை மறுப்பதற்கான காரணமல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2015 வழிகாட்டுதலில் துணைச் செவிலியர் வரை இச்சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

இந்தியாவில் தயக்கத்தின் வேர் சட்டத்தைப் பற்றிய குழப்பம் என்பது என் கணிப்பு. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் கர்ப்பத்தை முடிக்கும் அதிகாரத்தைப் பதிவு பெற்ற மருத்துவருக்கே தருகிறது. 2021 திருத்தமும் அதை மாற்றவில்லை. ஆனால் தானே கலைந்து, எச்சம் தங்கி, உதிரம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணிடம் முடிப்பதற்குக் கர்ப்பம் எங்கே இருக்கிறது? அவளுக்குத் தேவை சிகிச்சை. மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் முறையைத் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்கள் நடத்திக்காட்டியிருக்கின்றன. அங்கே இரவில் வரும் இத்தகைய பெண்ணுக்கும் செவிலியரே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று எழுத்துவடிவில் தனி ஆணை வேண்டும். யாரை உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதே ஆணை வரையறுக்க வேண்டும்.