கொய்னா விழித்திரை நச்சு

கொய்னா எனப்படும் குயினின் மருந்து இரத்தத்தில் அளவு மீறிச் சேரும்போது விழித்திரையிலும் அதன் நுண்குழாய்களிலும் ஏற்படும் பாதிப்பு. பெல்லெத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் இம்மருந்தைச் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுத்தனர். அந்நூற்றாண்டிலேயே நீலகிரியில் சின்கோனா பயிராகி, நடுவட்டத்தில் அரசு ஆலையும் எழுந்தது. மலேரியா வாட்டிய மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பழக்கமான கசப்பு இதுதான். காய்ச்சலைத் தடுக்கக் கொடுத்த அன்றாட அளவு கண்ணைக் கெடுக்கும் அளவைவிட மிகக் குறைவு. ஒரே வேளையில் பல கிராம் விழுங்குவதே பெரும்பாலும் ஆபத்தாகிறது.

முதலில் காது இரையும். தலைவலியும் வாந்தியும் வரும். சில மணி நேரத்திலோ மறுநாளோ பார்வை திடீரென மங்கும், முழுக்கவும் போகலாம். கண்மணிகள் விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்காமல் நிற்கும். இரத்தத்தில் லிட்டருக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் மருந்து இருந்தால் நிரந்தரப் பார்வையிழப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் நேரும் வாய்ப்பு கூடுகிறது.

நாளடைவில் விழித்திரையின் நுண்தமனிகள் நூல்போல் மெலிகின்றன. பார்வை நரம்பின் முகப்பு வெளிறுகிறது. இதைக் கண்ட பழைய மருத்துவர்கள், குழாய்கள் இறுகி இரத்தம் தடைப்படுவதே குருட்டுக்குக் காரணம் என்றனர். இயல்பான முடிவுதான், ஆனால் கால வரிசை இடிக்கிறது. பார்வை போன தொடக்கத்தில் குழாய்கள் பெரும்பாலும் இயல்பாகவே தெரிகின்றன. விழித்திரையின் மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வுகள், மருந்து அங்குள்ள உயிரணுக்களையே நேரடியாகத் தாக்குவதைக் காட்டின. உயிரணுக்கள் நலிந்தபின் இரத்தத் தேவை குறைவதால் குழாய்கள் மெலிகின்றன என்பதே இன்று வலுவான விளக்கம். பழைய கருத்தின் அடிப்படையில் கழுத்து நரம்பு முடிச்சை மரக்கச் செய்தும் குழாய்களை விரிக்கும் மருந்துகளைத் தந்தும் பார்த்தனர். அவற்றின் பயன் நிறுவப்படவில்லை.

முறிமருந்து இல்லை. வயிற்றில் எஞ்சியதை உறிஞ்சச் செயலூட்டிய கரித்தூள் தருவர், இதயத்தைக் கண்காணிப்பர். நடுப்பார்வை பலருக்குத் திரும்பும். ஓரப்பார்வை குறுகியே நின்றுவிடலாம்.

மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயினின் பாதிப்பு வேறு வகை. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். குழாய் மெலிவு முற்றிய நிலையிலேயே தெரியும். அம்மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குள் நிறுத்தி, கண்ணை முறையாகச் சோதிக்க வேண்டும்.

கடும் மலேரியாவுக்கு இப்போது முதல் மருந்து ஊசிவழி ஆர்ட்டிசுனேட். டானிக் தண்ணீரில் இன்றும் சிறிதளவு கொய்னா உண்டு. அமெரிக்காவில் அதன் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 83 பங்கு.