சத்யம் நிறுவனமும் இடைக்காலத் தலைமையும் (2009)

ஐதராபாத்தில் 1987ஆம் ஆண்டு பி. இராமலிங்க ராஜு தொடங்கிய சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ், இந்தியாவின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2009 ஜனவரியில், சில நாள் இடைவெளியில், அங்கு இரண்டு இடைக்கால ஏற்பாடுகள் செய்யப்பட்டன. முதலாவது நிலைக்கவில்லை. இரண்டாவது நிறுவனத்தைக் காப்பாற்றியது. தற்காலிகத் தலைமையை எப்போது வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு உதவும்.

2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. (சத்யம் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் மேட்டாஸ் என்று வரும்.) முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, சில மணி நேரத்திலேயே முடிவு கைவிடப்பட்டது. அந்த மாத இறுதிக்குள் இயக்குநர்கள் நால்வர் விலகினர். தலைமையை மாற்ற வேண்டிய வேளை உண்மையில் அப்போதே வந்துவிட்டது. எஞ்சியிருந்த இயக்குநர் குழு அதைச் செய்யவில்லை.

2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் உடைத்தது. கணக்கில் காட்டப்பட்ட ரொக்கம், வங்கி இருப்பு ஆகியவற்றில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். முழுநேர இயக்குநராக இருந்த ராம் மைனம்பதி இடைக்காலத் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். சாதாரண காலத்தில் இது சரியான வழியே. தலைவர் திடீரென இறந்தாலோ விலகினாலோ, வேலை தெரிந்த அடுத்தவர் பொறுப்பேற்பது இயல்பு. ஆனால் இங்கே காலியானது ஒரு நாற்காலி மட்டுமல்ல. மேட்டாஸ் முடிவுக்கு ஒப்புதல் தந்த குழுவைச் சேர்ந்த எவர் வந்தாலும், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் காட்டும் கணக்கை வங்கியோ வாடிக்கையாளரோ நம்பும் நிலை இல்லை.

மத்திய அரசு கம்பெனி சட்ட வாரியத்தை அணுகிப் பழைய இயக்குநர் குழுவை நீக்கியது. ஜனவரி 11 அன்று தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகியோரும், சில நாள்களில் தருண் தாஸ், டி. என். மனோகரன், எஸ். பி. மைனாக் ஆகியோரும் நியமிக்கப்பட்டனர். இவர்களுள் மனோகரன் சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர்.

புதிய குழுவின் முன் நின்ற முதல் சிக்கல் மிக எளிமையானது: மாதச் சம்பளம். பல்லாயிரம் பணியாளர்கள் இருந்தனர். கையில் பணம் இல்லை. வரவேண்டிய பாக்கிகளை வசூலித்தும் வங்கிக் கடன் பெற்றும் குழு நிலைமையைச் சமாளித்தது. கணக்குகளை மீண்டும் எழுத வேறு தணிக்கை நிறுவனங்கள் அமர்த்தப்பட்டன.

அடுத்து அவர்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. பிப்ரவரி 5 அன்று தலைமைச் செயல் அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஏ. எஸ். மூர்த்தி வெளியாள் அல்லர்; சத்யத்திலேயே பல்லாண்டு பணியாற்றியவர். வெளியிலிருந்து ஹோமி குஸ்ரோகானும் பார்த்தோ தத்தாவும் அவருக்கு ஆலோசகர்களாக வந்தனர். பணத்தையும் கணக்கையும் கண்காணிக்கப் புதியவர்கள் தேவைப்பட்டனர். ஆனால் எந்த வாடிக்கையாளருக்கு எந்த வேலை பாதியில் நிற்கிறது என்பது உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். வெளியாளா, உள்ளாளா என்ற கேள்வியை அவர்கள் ஒரே விடையில் முடிக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொண்டனர்.

அவர்களுக்கு ஒரு முடிவுப்புள்ளியும் இருந்தது: தகுதியான உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. முன்னாள் தலைமை நீதிபதி எஸ். பி. பரூச்சாவின் மேற்பார்வையில் ஏலம் நடந்தது. ஏப்ரல் 13 அன்று பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் கேட்ட டெக் மகிந்திரா வென்றது. லார்சன் அண்ட் டூப்ரோ கேட்டது 45.90 ரூபாய். ராஜுவின் கடிதம் வெளியாகி அன்றைக்கு 96 நாள்கள் ஆகியிருந்தன. மகிந்திரா சத்யம் என்று பெயர் மாறிய நிறுவனம் 2013இல் டெக் மகிந்திராவுடன் இணைக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.