மேனிலைத் தொழிற்பிரிவும் கல்லூரிக் கதவும்

தமிழ்நாட்டில் பள்ளியைத் தொழிலோடு இணைக்கும் எந்தத் திட்டமும் 1953ஆம் ஆண்டின் நினைவைத் தாண்டி வர முடியாது. இராஜாஜி அரசு அவ்வாண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளின் பள்ளிப் பொழுதை நாளுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்ட அத்திட்டம், 1954இல் காமராசர் முதல்வரான பின் கைவிடப்பட்டது. பிறந்த குடும்பத்தின் தொழிலோடு ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துபோகும் என்ற அச்சமே அந்த எதிர்ப்புக்கு வேர். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே பள்ளித் தொழிற்கல்வியை மதிப்பிட ஒரு கேள்வியை முதலில் வைக்கிறேன்: அதைப் படித்த மாணவர், படித்த காலத்தை இழக்காமல் கல்லூரிக்குள் நுழைய முடிகிறதா?

தமிழ்நாட்டில் 1978இல் மேனிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. கோத்தாரி குழு 1966இல் வலியுறுத்திய வழி அது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 1995க்குள் மேனிலை மாணவரில் 25 விழுக்காட்டினர் தொழிற்பிரிவில் சேர வேண்டும் என்றது. நாடு அந்த இலக்கின் அருகில்கூடச் செல்லவில்லை. பெற்றோரின் ஏளனமே காரணம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தம் பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்பதைப் பெற்றோர் சரியாகவே கணக்கிட்டார்கள்.

அந்தக் கணக்கை மாற்றிக் காட்டிய பள்ளி ஒன்று நியூயார்க்கின் புரூக்ளினில் 2011இல் தொடங்கியது. பெயர் பி-டெக் (P-TECH). நகரக் கல்வித் துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், ஐ.பி.எம். நிறுவனம் ஆகிய மூன்றும் அதன் பங்காளிகள். நுழைவுத் தேர்வு கிடையாது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளே அங்குப் பெரும்பான்மை. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர் ஆறு ஆண்டுகளுக்குள் பள்ளிச் சான்றிதழோடு ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் கட்டணமின்றிப் பெறலாம். நிறுவனம் வழிகாட்டிகளை அனுப்பியது. ஊதியத்தோடு கோடைப் பயிற்சி தந்தது. பட்டம் பெற்றவர்களுக்கு வேலை நேர்காணலில் முன்னுரிமை அளித்தது. இவற்றுள் முதன்மையானது கல்லூரியின் பங்கு என்பேன். பள்ளியில் இருக்கும்போதே படித்த கல்லூரிப் பாடம் பட்டக் கணக்கில் ஏறிவிடுவதால், நிறுவனம் நாளை விலகினாலும் மாணவரின் உழைப்பு வீணாகாது.

ஜெர்மனி வேறொன்றைக் கற்பிக்கிறது. அங்கே பழகுநரோடு ஒப்பந்தம் செய்து உதவித்தொகை தருவது நிறுவனம். தேர்வுக் குழுவில் முதலாளிகளின் பேராளரும் தொழிலாளரின் பேராளரும் சம எண்ணிக்கையில் அமர்கிறார்கள். தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவரேனும் உடன் இருக்க வேண்டும். வேலை தருபவரே தேர்வில் பங்கேற்பதால் சான்றிதழுக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. தொழிலாளர் தரப்பும் இருப்பதால் அது ஒரே நிறுவனத்தின் தேவைக்குள் குறுகிவிடுவதில்லை. ஆனால் அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள். 1953ஐக் கண்ட மண்ணுக்கு அது ஆகாது. தேர்வுக் குழுவை ஏற்போம்; பிரிவினை வேண்டாம்.

இத்தகைய ஏற்பாட்டுக்கான உறுப்புகள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு, மேனிலைத் தொழிற்பிரிவு முடித்தவர்களையும் பழகுநராக ஏற்றது. 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் பழகுநரைச் சேர்த்தே ஆக வேண்டும். தொழிற்பிரிவு மாணவர் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு அங்கே ஓராண்டாகக் கணக்கிடப்படுகிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் வழிகாட்டலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. இவை ஒன்றோடொன்று கோக்கப்படாமல் நிற்கின்றன. ஆலையில் பழகிய மாதங்களுக்குப் பட்டயப் படிப்பில் மதிப்பெண் வேண்டும். தொழிற்பிரிவின் செய்முறைத் தேர்வில் வேலை தருவோரும் தொழிற்சங்கத்தாரும் அமர வேண்டும். பள்ளிகள் நிறுவனங்களோடு கையெழுத்திடும் ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் ஒரு கல்லூரியும் தரப்பாகச் சேர வேண்டும். பள்ளிக் கல்வித் துறையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் ஒன்றாக அமர்ந்து இதற்கான விதிகளை வகுக்க வேண்டும்.