ஒரே மூலம், ஆறு வாய்க்கால்

20 ஆண்டுகளுக்கு முன் கணினியில் தமிழ் அடித்தவர்களுக்கு எ-கலப்பை நினைவிருக்கும். விண்டோஸுக்கு மட்டுமே வந்த அந்தக் கலப்பையின் ஆரம்பப் பதிப்புகளை இழுத்த மாடு, கீமேன். 1993-இல் மார்க் டர்டின் லாவோ மொழிக்காக எழுதத் தொடங்கியது. 2017-இல் எஸ்.ஐ.எல். அமைப்பு அதன் மூல நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது.

இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், இணைய உலாவி ஆறுக்கும் நிரல் ஒரே இடத்தில். கல்லணைக்கு வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று பிரிகிற மாதிரிதான். மதகு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி. 'க'வுக்குப் பின் 'இ' தட்டினால் 'கி' என்கிற விதியை ஒருமுறை எழுதினால் போதும்.

என் விரல் 1999-இல் அரசு அறிவித்த தமிழ்99-இல் பழகியது. கருவிக்கொரு விசைப்பலகை என்றால் நம் வயதில் பாதிப் பேர் எழுதுவதையே விட்டிருப்போம். இப்போது மேசையில் லினக்ஸ், பையில் ஆண்ட்ராய்டு. இரண்டிலும் அதே தமிழ்99.